போர்ட்டைக் குடைவதற்கு முன்னால்

சிலிண்டர் ஹெட்டுக்குள் காற்றும் புகையும் போகும் வழியான போர்ட்டைக் குடைந்து அகலமாக்கி, சைலன்சர் பைப்பை இரண்டரை இன்ச்சுக்கு மாற்றிவிட்டால் வண்டி பறக்கும் என்பது நம் பட்டறைகளில் ஆழமாக ஊறிப்போன நம்பிக்கை. அதில் பாதி உண்மை இருக்கிறது. காற்று போகும் வழியில் தடை இருந்தால் பவர் குறையத்தான் செய்யும். ஆனால் தடை எந்த இடத்தில் என்று அளக்காமல் எல்லா இடத்திலும் உலோகத்தைச் சுரண்டினால், 3000 ஆர்.பி.எம்.மில் இருந்த இழுவை போய்விடும். 6000-இல் எதிர்பார்த்த பவரும் வராது. எஞ்சினுக்குத் தேவை அகலமான ஓட்டை இல்லை, வேகம் குறையாத காற்று. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் குடையும் கருவியான பர் எங்கே ஓட வேண்டும், எங்கே ஓடக் கூடாது என்பது தானே விளங்கும்.

கணக்குக்கு ஒரு எஞ்சினை எடுத்துக்கொள்வோம். சுசூகியின் ஜி13பிபி: எஸ்டீம், ஜிப்ஸி கிங், 2005-இல் இந்தியாவுக்கு வந்த முதல் ஸ்விஃப்ட் எல்லாவற்றிலும் இருந்த 1298 சி.சி., நான்கு சிலிண்டர், 16 வால்வு பெட்ரோல் எஞ்சின். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 74 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 75.5 மி.மீ. எஸ்டீமில் சுமார் 85 குதிரைத்திறன் தந்தது.

6000 ஆர்.பி.எம்.மில் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 15.1 மீட்டர். ஸ்ட்ரோக்கை இரண்டால் பெருக்கி, வினாடிக்கு எத்தனை சுற்று என்பதால் பெருக்கினால் இது கிடைக்கும். போரின் பரப்பு 4301 சதுர மி.மீ. இன்டேக் போர்ட்டின் மிகக் குறுகிய இடம் 30 மி.மீ. வட்டத்துக்குச் சமம் என்று வைத்தால் அதன் பரப்பு 707 சதுர மி.மீ. போர் பரப்பைப் போர்ட் பரப்பால் வகுத்துப் பிஸ்டன் வேகத்தால் பெருக்கினால் காற்றின் சராசரி வேகம் வரும்: வினாடிக்கு 92 மீட்டர். நன்றாக ட்யூன் செய்த எஞ்சின்களில் உச்ச பவர் கிடைக்கும் ஆர்.பி.எம்.மில் இந்த எண் பொதுவாக 90 முதல் 110-க்குள் நிற்கும்.

இப்போது சுவரில் சுற்றிலும் 2 மி.மீ. எடுத்துவிடுகிறோம். பார்வைக்கு ஒன்றும் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் 30 மி.மீ. 34 ஆகிவிட்டது, பரப்பு 28 சதவீதம் கூடி 908 சதுர மி.மீ. அதே 6000-இல் காற்றின் வேகம் 71.5 மீட்டராக இறங்குகிறது. பழைய 92 மீட்டரைத் திரும்பப் பெற எஞ்சின் 7700 சுற்ற வேண்டும். வால்வைத் திறந்து மூடும் ஸ்டாக் கேமும் வால்வு ஸ்பிரிங்கும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு.வின் கட்-ஆஃபும் அவ்வளவு தூரம் போக விடாது. ஆக, எஞ்சின் ஒருநாளும் போகாத ஆர்.பி.எம்.முக்காகப் போர்ட்டைச் செய்து வைத்திருக்கிறோம்.

வேகம் ஏன் இவ்வளவு முக்கியம்? பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டதும் இன்டேக் வால்வு மூடிவிடுவதில்லை. கேமைப் பொறுத்து அதன்பின் கிராங்க் 40 முதல் 60 டிகிரி சுழலும் வரை திறந்தே இருக்கிறது. அந்த நேரத்தில் பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிவிட்டது. வேகமாக வந்துகொண்டிருக்கும் காற்றுத்தூண் தன் உந்தத்தால் இன்னும் உள்ளே நுழையும். மெதுவாக வரும் காற்றைப் பிஸ்டன் திருப்பித் தள்ளிவிடும். கீழ் ஆர்.பி.எம்.மில் இழுவை போவதற்கு முதல் காரணம் இதுதான். இரண்டாவது காரணம் பெட்ரோல். வாய்க்கால் அகன்று நீர் தளர்ந்தால் வண்டல் படிவதைப் போலக் காற்று தளர்ந்த இடத்தில் பெட்ரோல் துளிகள் சுவரில் படியும். கார்புரேட்டர் வண்டிகளில் இது மோசமாகத் தெரியும். இன்ஜெக்டர் வண்டிகளில் குறைவு, ஆனால் குளிர்ந்த எஞ்சினில் த்ராட்டிலை அழுத்தும்போது வரும் தயக்கத்தில் தெரியும்.

ஹெட்டைக் கழற்றும் முன் மற்ற இடங்களைச் சோதித்துவிடுவது நல்லது. ஏர் ஃபில்டருக்கும் த்ராட்டில் பாடிக்கும் நடுவில் சிறு துளையிட்டு, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை யு வடிவில் வளைத்துத் தண்ணீர் ஊற்றி இணையுங்கள். முழு த்ராட்டிலில், உச்ச ஆர்.பி.எம்.மில் தண்ணீர் மட்டம் எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்று பாருங்கள். 100 மி.மீ. வித்தியாசம் என்றால் வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய ஒரு சதவீதம் அங்கே போகிறது. மட்டம் துள்ளினால் குழாயின் வழியில் 1 மி.மீ. துளையுள்ள ஒரு ஜெட்டைச் செருகினால் அடங்கிவிடும். த்ராட்டிலுக்குப் பின்னால் மட்டும் இந்தத் தண்ணீர்க் குழாயை மாட்டவே கூடாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த மறுகணம், த்ராட்டிலுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள மானிஃபோல்டில் உண்டாகும் வெற்றிடம் ஆறு மீட்டர் உயரத் தண்ணீரைக்கூட உறிஞ்சிவிடும். அவ்வளவும் சிலிண்டருக்குள் போகும். அந்த இடத்துக்கு, மானிஃபோல்டு அழுத்தத்தைக் காட்டும் மேப் சென்சாரின் அளவே போதும்: எஞ்சின் ஓடாமல் சாவி போட்ட நிலையில் ஸ்கேனர் காட்டும் எண்ணையும், முழு த்ராட்டிலில் காட்டும் எண்ணையும் கழித்துப் பாருங்கள்.

பெரிய த்ராட்டில் பாடி பலர் நினைக்கும் அளவுக்குப் பலன் தருவதில்லை. 1298 சி.சி. எஞ்சின் 6000-இல் 90 சதவீதம் நிரம்பினால் நிமிடத்துக்குச் சுமார் 3500 லிட்டர் காற்றை இழுக்கிறது. 44 மி.மீ. துளையில் அது வினாடிக்கு 38 மீட்டர். அந்த வேகத்துக்கான அழுத்தம் முழுவதும் வீணானாலும் இழப்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பானெட்டுக்குள் இருக்கும் சூடு இதைவிடப் பெரிய எதிரி. வெளியே 35 டிகிரி, ரேடியேட்டருக்குப் பின்னால் 60 டிகிரி என்றால் காற்றின் அடர்த்தி 7.5 சதவீதம் குறைந்துவிடும். சென்னை, மதுரை வெயிலில் திறந்த கோன் ஃபில்டரை எக்ஸாஸ்ட் மானிஃபோல்டுக்குப் பக்கத்தில் மாட்டுவது காசு கொடுத்துப் பவரைக் குறைத்துக்கொள்வதுதான். முன் கிரில்லிலிருந்து மூடிய குழாயில் காற்றைக் கொண்டுவாருங்கள்.

இனி ஹெட். உழைப்புக்கு அதிகப் பலன் தரும் இடம், வால்வு மூடும்போது உட்காரும் வால்வு சீட்டும் அதற்குக் கீழே, மேலே உள்ள ஓர் அரை இன்ச்சும்தான். 28 மி.மீ. வால்வு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வால்வு 2 மி.மீ. திறந்திருக்கும்போது காற்று நுழையும் இடைவெளி, வால்வின் சுற்றளவை லிஃப்டால் (வால்வு எழும்பும் உயரம்) பெருக்கிய 176 சதுர மி.மீ. மட்டுமே. வால்வின் முழு வட்டப் பரப்பு 616. விட்டத்தில் கால் பங்கு, அதாவது 7 மி.மீ. லிஃப்ட் வரும்போதுதான் இரண்டும் சமமாகும். அதுவரை போர்ட் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் காற்றின் கழுத்தைப் பிடித்திருப்பது சீட்தான். வால்வு முழு லிஃப்டை ஒரு சுழற்சியில் ஒருமுறை தொடுகிறது. குறைந்த லிஃப்டைத் திறக்கும்போதும் மூடும்போதும் இருமுறை கடக்கிறது.

அதனால் மூன்று கோண சீட் கட்டிங் போர்ட் வேலையைவிட முந்தியது. 45 டிகிரியில் சீட், அதற்கு மேலே எரியறைப் பக்கம் 30, கீழே போர்ட் பக்கம் 60. சாலை வண்டிக்கு இன்டேக் சீட் அகலம் 1.0 முதல் 1.2 மி.மீ.; எக்ஸாஸ்ட்டுக்கு 1.5 முதல் 1.8. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியைச் சீட் வழியாகவே ஹெட்டுக்குக் கடத்துகிறது. அதை இன்டேக் போல ஒடுக்கினால் வால்வு விளிம்பு எரியும். சீட் வெட்டுவதற்கு முன், வால்வுத் தண்டு ஓடும் கைடு சரியாக இருக்க வேண்டும். தேய்ந்த கைடில் கட்டரை நிறுத்தி வெட்டினால் சீட் வட்டமாக வராது, கைடில் ஆட்டம் அளவுக்குமேல் இருந்தால் அதை மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. லேப்பிங் பேஸ்ட் போட்டுத் தேய்ப்பது சீட் எங்கே உட்காருகிறது என்று பார்ப்பதற்கு. கோணலான சீட்டை அது திருத்தாது. இன்டேக் வால்வின் பின்புறத்தில் சீட் முகத்தை ஒட்டி 30 டிகிரியில் ஒரு சிறு வெட்டு கொடுத்தால் குறைந்த லிஃப்டில் ஓட்டம் கூடும். வால்வு கிரைண்டிங் மெஷின் உள்ள கடையில் சில நிமிட வேலை அது.

சீட்டுக்குக் கீழே உள்ள கழுத்து, வால்வு விட்டத்தில் 86 முதல் 90 சதவீதத்துக்குள் இருக்கட்டும். 28 மி.மீ. வால்வுக்கு 24 முதல் 25.2 மி.மீ. அதற்குமேல் திறந்தால் 60 டிகிரிக்கு இடமில்லாமல் போய், காற்று திரும்பும் வளைவு கூர்மையாகிவிடும். கழுத்துக்கும் போர்ட்டுக்கும் நடுவில், சீட் வளையமும் அலுமினியமும் சேரும் இடத்தில் தொழிற்சாலை கட்டர் விட்டுப்போன படி ஒன்று பெரும்பாலும் இருக்கும். அந்தப் படியை மழுக்குவதுதான் முழு வேலையிலும் செலவு குறைந்த ஆதாயம்.

கவனம் அதிகம் தேவைப்படும் இடம் போர்ட்டின் தரை வளைந்து சீட்டுக்கு இறங்கும் உள்வளைவு. காற்று வளைவின் வெளிப்பக்கம், அதாவது கூரையை ஒட்டி ஓடவே விரும்பும். உள்வளைவில் தரையைவிட்டுப் பிரிந்து சுழலும். தரையைத் தாழ்த்தினால் வளைவு இன்னும் கூர்மையாகிப் பிரிவு அதிகமாகும். ஓட்டை பெரிதாகி ஓட்டம் குறைந்த ஹெட்டுகளில் இதுதான் பெரும்பாலும் நடந்திருக்கும். தரையைத் தொடாமல் வளைவின் விளிம்பை மட்டும் உருட்டி விடுங்கள். எடுக்கத்தான் வேண்டும் என்றால் கூரையில் எடுங்கள். கைடு நிற்கும் மேட்டை இருபக்கமும் மெலிதாக்கி, காற்று விலகிப் போகும் பக்கம் கூர்நுனியாக நீட்டுங்கள். கைடையே வெட்டிக் குட்டையாக்குவது ரேஸ் எஞ்சினுக்கு; சாலை வண்டியின் எக்ஸாஸ்ட் பக்கம் அதைச் செய்தால் வால்வின் சூடு இறங்கும் வழி அடைபடும், கைடும் சீக்கிரம் தேயும்.

கருவிகளைப் பொறுத்தவரை, அலுமினியத்துக்கு அகலப் பல் உள்ள ஒற்றை வெட்டு கார்பைடு பர், 6 மி.மீ. தண்டு, வேகக் கட்டுப்பாடு உள்ள டை கிரைண்டர். வார்ப்பிரும்புக்கான நெருக்கப் பல் பர் அலுமினியத்தில் இரண்டு நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் தொட்டு ஓட்டினால் உலோகம் ஒட்டாது. பழைய வால்வு ஒன்றைச் சீட்டில் உட்கார வைத்து வேலை செய்யுங்கள். பர் துள்ளினால் அது வாங்கிக்கொள்ளும். இதனால்தான் குடையும் வேலை முதலில், இறுதி சீட் கட்டிங் கடைசியில். கண்ணாடியும் முகமூடியும் இல்லாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள்.

முதல் போர்ட்டை முடித்ததும் அதன் குறுக்குவெட்டுக்கு மெல்லிய தகட்டில் மாதிரி வடிவம் வெட்டிக்கொண்டு மற்ற மூன்றையும் அதற்குச் சரிபார்க்க வேண்டும். பியூரெட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொள்ளளவு பார்த்தால் நான்கும் ஒரு சி.சி.க்குள் ஒத்திருக்க வேண்டும். சமமில்லாத நான்கு நல்ல போர்ட்டுகளைவிடச் சமமான நான்கு சுமார் போர்ட்டுகள் மேல், ஏனென்றால் இ.சி.யு. எல்லா சிலிண்டருக்கும் ஒரே அளவு பெட்ரோலைத்தான் கொடுக்கிறது.

அம்பாசடரின் பழைய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் இந்தச் சமம் பிறவியிலேயே இல்லை. நான்கு சிலிண்டருக்கு இரண்டே இன்டேக் போர்ட், எக்ஸாஸ்ட் மூன்று. 1-3-4-2 வரிசையில் எரிவதால் 2 உறிஞ்சி முடிப்பதற்குள் பக்கத்து 1 உறிஞ்சத் தொடங்கிவிடும். பிறகு அந்தப் போர்ட் சும்மா கிடக்கும். இதில் போர்ட்டை அகலப்படுத்துவதைவிட, இரண்டு வால்வுக்கும் பிரியும் இடத்தில் உள்ள நாக்கை மெலிதாக்கி இருபுறமும் ஒரே வடிவம் கொடுப்பதே பலன் தரும்.

இன்டேக் சுவரைக் கண்ணாடி போலப் பளபளப்பாக்க வேண்டியதில்லை. 80-ஆம் எண் எமெரியின் சொரசொரப்போடு விட்டால் சுவரில் படியும் பெட்ரோல் திரும்பவும் காற்றில் கலக்கும். எக்ஸாஸ்ட்டைப் பளபளப்பாக்கலாம், கரி ஒட்டுவது கொஞ்சம் குறையும். ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்க வேண்டாம்.

சுவர் தடிமன் தெரியாமல் குடைவது சூதாட்டம். பல ஹெட்டுகளில் போர்ட்டுக்கும் வாட்டர் ஜாக்கெட்டுக்கும் நடுவில் 3 முதல் 5 மி.மீ.தான் இருக்கும், சில இடங்களில் அதற்கும் குறைவு. பழைய இரும்புக் கடையில் அதே மாடலின் உடைந்த ஹெட் ஒன்றை வாங்கிப் போர்ட்டின் நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள். ஆயிரம் படம் பார்ப்பதைவிட அது அதிகம் சொல்லித்தரும். வேலை முடிந்ததும் தண்ணீர் வழிகளைத் தகடும் ரப்பரும் வைத்து அடைத்து, 2 பார் காற்று ஏற்றி, வெந்நீரில் அமிழ்த்துங்கள். போர்ட்டுக்குள் குமிழி வந்தால் அந்த ஹெட் வண்டிக்குப் போகக் கூடாது.

எரியறையில் வால்வைச் சுற்றியுள்ள சுவரை விலக்கினால் ஓட்டம் கூடும், ஆனால் கம்ப்ரெஷன் குறையும். ஒரு சிலிண்டர் 324.7 சி.சி., கம்ப்ரெஷன் 9 என்றால் மேலே மிஞ்சும் இடம் 40.6 சி.சி. அதில் 1.5 சி.சி. கூடினாலே 8.7-க்கு இறங்கிவிடும். அதைச் சரிக்கட்ட ஹெட்டைச் சீவினால் சுமார் 0.4 மி.மீ. எடுக்க வேண்டிவரும், கேம் மேலே இருக்கும் எஞ்சினில் டைமிங்கும் சற்றுப் பின்தங்கும். சீட்டை ஆழமாக வெட்டினாலும் வால்வு உள்ளே இறங்கி இதே இழப்பைத் தரும்.

கேஸ்கெட் அளவுக்குப் போர்ட் வாயை அகலப்படுத்துவது இன்னொரு பழைய வழக்கம். கேஸ்கெட்டின் ஓட்டை பொதுவாகப் போர்ட்டைவிடப் பெரியது. வாயை மட்டும் திறந்தால் காற்று அங்கே விரிந்து, தளர்ந்து, மறுபடி ஒடுங்க வேண்டும். ஒவ்வொரு விரிவிலும் கொஞ்சம் ஆற்றல் போய்விடும். தேவை ஒன்றுதான்: காற்று வரும் திசைக்கு எதிரே விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இன்டேக் மானிஃபோல்டின் வாய் ஹெட்டைவிட அரை மி.மீ. சிறிதாக இருக்கலாம், பெரிதாக இருக்கக் கூடாது. எக்ஸாஸ்ட்டில், ஒவ்வொரு சிலிண்டரின் புகையையும் தனிக் குழாயில் கொண்டுபோகும் ஹெடரின் குழாய் போர்ட்டைவிட 1.5 முதல் 3 மி.மீ. பெரிதாக இருப்பது நல்லது. திரும்பி வரும் புகை அந்தப் படியில் முட்டி நிற்கும். பொருத்தம் பார்த்த பிறகு மானிஃபோல்டில் இரண்டு டவல் பின் போடாவிட்டால் போல்ட் ஓட்டையின் இடைவெளியிலேயே ஒரு மி.மீ. நகர்ந்துவிடும்.

ஹெட்டின் காற்றோட்டத்தை அளக்கும் ஃப்ளோ பெஞ்சில் பார்ப்பதானால் 74 மி.மீ. குழாயின் மேல் ஹெட்டை வைத்து, போர்ட் வாயைச் சுற்றிக் களிமண்ணில் உருண்டையான விளிம்பு கட்டி, 1 மி.மீ. லிஃப்ட் கூட்டிக் கூட்டி அளக்க வேண்டும். எந்த அழுத்த வித்தியாசத்தில் எடுத்தது என்று சொல்லாத சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு எத்தனை கன அடி) எண்ணுக்கு மதிப்பில்லை. வழக்கம் 28 இன்ச் தண்ணீர். 10 இன்ச்சில் எடுத்ததை 1.67-ஆல் பெருக்கினால் ஒப்பிடலாம். எக்ஸாஸ்ட் ஓட்டம் இன்டேக்கில் முக்கால் பங்கு இருந்தால் போதும். உச்ச எண்ணை மட்டும் பார்த்து மகிழாமல் 2, 3, 4 மி.மீ. லிஃப்டில் கூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து எக்ஸாஸ்ட் குழாய். "பேக் பிரஷர் வேண்டும்" என்று சொல்வது தவறு. எந்த எஞ்சினுக்கும் எதிரழுத்தம் நன்மை செய்வதில்லை. பெரிய குழாய் போட்டதும் இழுவை போவதைப் பார்த்தவர்கள் அதற்குச் சொன்ன காரணம் அது. உண்மையில் போனது புகையின் வேகம். வேகமாக ஓடும் புகை தனக்குப் பின்னால் தாழ்வழுத்தத்தை இழுத்துக்கொண்டு போகும். இரண்டு வால்வுகளும் ஒன்றாகத் திறந்திருக்கும் சில டிகிரிகளில் அந்தத் தாழ்வழுத்தம் புதுக் காற்றைச் சிலிண்டருக்குள் இழுக்கும்.

ஹெடருக்குப் பல காலமாகப் புழங்கும் ஒரு கணக்கு உண்டு. எக்ஸாஸ்ட் வால்வு அடிமட்டத்துக்கு எத்தனை டிகிரி முன் திறக்கிறது என்பதோடு 180-ஐக் கூட்டுங்கள். 850-ஆல் பெருக்கி, இலக்கு ஆர்.பி.எம்.மால் வகுத்து, 3 கழித்தால் குழாய் நீளம் இன்ச்சில் வரும். கேம் 50 டிகிரி முன் திறப்பதாகவும் இலக்கு 5500 என்றும் வைத்தால் 32.5 இன்ச், அதாவது 827 மி.மீ. விட்டத்துக்கு: ஒரு சிலிண்டரின் சி.சி.யை, நீளத்தோடு 3 கூட்டி 25-ஆல் பெருக்கியதால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 2.1-ஆல் பெருக்க வேண்டும். நம் 325 சி.சி. சிலிண்டருக்கு 1.27 இன்ச், 32.3 மி.மீ. உள்விட்டம். நான்கு குழாய் இரண்டாகி, பிறகு ஒன்றாகும் 4-2-1 வடிவம் என்றால் முதல் நான்கு குழாய் 15 இன்ச், அடுத்த இரண்டு 17.5 இன்ச் நீளம், சுமார் 42.5 மி.மீ. உள்விட்டம். இதே வழியில் பின் குழாய்க்கு வருவது சுமார் 43.5 மி.மீ.

கடையில் குழாய் வெளிவிட்டத்தில் விற்கிறார்கள் என்பதை மறந்து ஏமாறுகிறவர்கள் அதிகம். 16 கேஜ் என்றால் சுவர் 1.6 மி.மீ.; ஒன்றரை இன்ச் குழாயின் உள்விட்டம் 34.9, ஒன்றே முக்கால் இன்ச்சுக்கு 41.2, இரண்டு இன்ச்சுக்கு 47.6. நம் கணக்குக்கு முதல் குழாய் 1⅜ இன்ச், அதன் உள்விட்டம் 31.7. பின் குழாய்க்கு 1⅞ இன்ச் சரியாக இருக்கும். கிடைக்காவிட்டால் இரண்டு இன்ச். இரண்டரை இன்ச் குழாயின் உள்விட்டம் 60 மி.மீ.க்கு மேல்; தேவையைவிடப் பரப்பு ஏறத்தாழ இரு மடங்கு, வேகம் பாதி.

1-3-4-2 வரிசைக்கு 4-2-1 ஹெடரில் 1-ஐயும் 4-ஐயும், 2-ஐயும் 3-ஐயும் சேர்க்க வேண்டும்; ஒவ்வொரு ஜோடிக்கும் 360 டிகிரி இடைவெளி கிடைக்கும். பக்கத்தில் இருக்கிறது, வெல்டிங் சுலபம் என்று 1-ஐயும் 2-ஐயும் சேர்த்தால் ஒன்றின் புகை மற்றதன் வால்வில் போய் முட்டும். வளைவுகளில் குழாய் நசுங்காமல் பாருங்கள். உள்ளே தாங்கி வைத்து வளைக்கும் மாண்ட்ரல் வளைவு கிடைக்காத ஊரில் மணலை இறுக்கி நிரப்பிச் சூடாக்கி வளைப்பது இன்றும் நல்ல வழி. உள்ளே வழிந்த வெல்டிங் மணிகளைச் சேர்க்கும் முன்பே தேய்த்து எடுத்துவிட வேண்டும், பிறகு கை எட்டாது. சாலை வண்டியில் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றாதீர்கள். புகைச் சோதனையில் தோற்பது ஒருபுறம், தெருவில் மற்றவர்கள் சுவாசிப்பது அந்தப் புகையைத்தான்.

ஆக்ஸிஜன் சென்சார் நான்கு குழாயும் சேர்ந்த இடத்துக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஹெடர் நீண்டுவிட்டால் சென்சார் சூடாகத் தாமதமாகும். ஹீட்டர் உள்ள சென்சாரைப் போடுங்கள். அதற்கு முன்னால் ஃபிளாஞ்சில் சிறு கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, கலவை மெலிந்திருப்பதாக இ.சி.யு. தவறாகப் புரிந்துகொண்டு பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும். மேப் சென்சாரை நம்பி இயங்கும் எஞ்சினில், ஹெட் இப்போது முன்பைவிட அதிகக் காற்றை இழுக்கிறது என்பது இ.சி.யு.வுக்குத் தெரியாது. பாதி த்ராட்டிலில் ஆக்ஸிஜன் சென்சார் திருத்திவிடும், முழு த்ராட்டிலில் திருத்தாது. அங்கேதான் கலவை மெலிந்து பிஸ்டன் உருகும். கலவையைத் துல்லியமாக அளக்கும் வைட்பேண்டு சென்சார் மாட்டி, இக்னிஷனை இரண்டு மூன்று டிகிரி பின்னுக்கு வைத்துத் தொடங்கி, முழு த்ராட்டிலில் லாம்டா (காற்று-பெட்ரோல் கலவையின் அளவு; 1-க்குக் கீழே என்றால் பெட்ரோல் கூடுதல்) 0.86 முதல் 0.90-க்குள் நிற்கும்படி பெட்ரோல் அட்டவணையைத் திருத்திய பிறகே டைமிங்கை ஒவ்வொரு டிகிரியாக முன்னே கொண்டுவர வேண்டும்.